பாத்ரூமில் ஈ, கரப்பான், மரவட்டை: பினாயில் ஊற்றியும் ஏன் போகவில்லை?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புறநகரில் தரைத்தளத்தில் வாடகை வீடு. இரண்டு பாத்ரூம், அதில் ஒன்றை விருந்தாளி வந்தால்தான் திறப்பார்கள். தினமும் குளிக்கிற பாத்ரூமின் சுவரில் காலையில் கறுப்பாகச் சின்னச் சின்ன ஈக்கள். இரவு விளக்கைப் போட்டால் பெரிய கரப்பான்கள். சுவரில் சாம்பல் நிறத்தில் வெள்ளரி விதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு, அதுவும் மெதுவாக நகர்கிறது. மழை பெய்தால் மரவட்டை. ஆறு மாதமாக வாரம் இரண்டு முறை பினாயில், ஒரு முறை ஆசிட், நடுவில் பிளீச்சிங் பவுடர் என்று போட்டுப் பார்த்தும் பலன் இல்லை. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

சகோதரி, பூச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பாத்ரூமில் அடுத்தடுத்துப் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சிறியதாக இருக்கும் பாத்ரூமில் அது நெஞ்சை அடைத்துவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். தரையில் ஊற்றிய ஆசிட் கழுவினால் போய்விட்டது என்று நினைப்போம், ஆனால் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலிக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் அது தேங்கி நிற்கும். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் போதும். அமோனியா கலந்த கிளீனரோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள், அதிலும் விஷ வாயு வரும். அது போக, ஆசிட் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். பூச்சியை ஒழிக்க ஊற்றியதே பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

நான் பதினெட்டு வருடமாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மருந்து அடிப்பதில் தொடங்கி, பிளம்பரையும் கொத்தனாரையும் கூட வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். நான் கற்றுக்கொண்டது இதுதான்: பாத்ரூமில் ஒரு பூச்சியைப் பார்த்தால், அது எந்த ஈரத்தை நம்பி வாழ்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன நாலு பூச்சிக்கும் நாலு வேறு ஈரம். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலை ஊற்றியதால்தான் ஆறு மாதம் போயிருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பு ஈ. அது கொசு இல்லை, பழ ஈயும் இல்லை. ஒன்றைக் கண்ணாடி டம்ளரால் மூடி, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. சிறகு முழுக்கப் பூனைக்குட்டி முடி மாதிரி மெல்லிய ரோமம். உட்காரும்போது சிறகை விரித்துக் கூரை போல வைத்துக்கொள்ளும், பார்த்தால் இதய வடிவம். சிறகின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன வெள்ளைப் பொட்டுகள். நசுக்கினால் சாம்பல் மாதிரி பொடியாக விரலில் ஒட்டும். பறக்கத் தெரியுமே தவிர நன்றாகப் பறக்காது, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குத் தத்திப் போகும். அதனால் நீங்கள் பார்க்கும் ஈ எங்கோ தெருவிலிருந்து வரவில்லை, அந்த அறைக்குள்ளேயே பிறக்கிறது. இதைச் சாக்கடை ஈ என்றோ வடிகால் ஈ என்றோ சொல்லலாம். கடிக்காது. காலா அசார் காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ இதே குடும்பம்தான், ஆனால் பாத்ரூம் ஈ அது இல்லை, பயப்பட வேண்டாம். சாக்கடையில் உழன்ற காலோடு பல் துலக்கும் பிரஷ்ஷில் உட்காருமே, அதுதான் தொந்தரவு.

இது முட்டை வைப்பது தண்ணீரில் இல்லை. வடிகால் குழாயின் உள்பக்கச் சுவரில் சோப்பு, முடி, உடம்பு அழுக்கு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு வழுவழுப்பு படிந்திருக்கும் இல்லையா, அதற்குள் வைக்கும். இரண்டு நாளில் முட்டை பொரியும். புழு அந்த வழுவழுப்பைத் தின்றுகொண்டே ஒன்பதிலிருந்து 15 நாள் வரை இருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் கூட்டுப்புழு, பிறகு ஈ. ஈயாக இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பினாயில் ஏன் தோற்கிறது என்றால், நீங்கள் ஊற்றும் பினாயில் குழாயின் நடுவில் ஓடிப் போய்விடுகிறது. புழு இருப்பது ஓரத்தில், பசைக்குள். மேல் படலத்தில் இரண்டு புழு சாகலாம், உள்ளே இருப்பதற்குச் செய்தியே போகாது. அதோடு அந்தப் புழுவுக்கு வால் நுனியில் மூச்சுக் குழல் இருக்கிறது. காற்றைக் குமிழாகப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றுவார்கள். நுரை பொங்குவதைப் பார்க்க வேலை நடப்பது போல இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம். பிவிசி குழாய் 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும், ஜாயின்ட் விட்டுப்போனால் அது தனிச் செலவு.

எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. இரவு எல்லோரும் குளித்து முடித்து, தரை காய்ந்த பிறகு, அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஜாலியின் மேல் ஒட்டுங்கள். முழுக்க மூடாமல் ஓரத்தில் கொஞ்சம் காற்றுப் போக இடம் விடுங்கள். தரை ஜாலி, வாஷ்பேசின் ஓட்டை, வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஓட்டை, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. காலையில் எந்த டேப்பில் ஈ ஒட்டியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு இரவில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் மூன்று நாலு இரவு செய்து பாருங்கள். வாஷ்பேசினில் மேலே ஓரமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், நிரம்பி வழியாமல் இருப்பதற்கு. அதை யாரும் கழுவுவதே இல்லை, அதற்கும் ஒரு டேப் போடுங்கள்.

ஓட்டை தெரிந்துவிட்டதா? கையுறை போட்டுக்கொண்டு ஜாலியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். அடியில் நஹானி ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்கிற கிண்ணம் இருக்கும். அதில் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கப் இருக்க வேண்டும். அதைத் திருகித் தூக்குங்கள். கறுப்பு அல்வா மாதிரி ஒன்று வரும், முடி பின்னிக்கொண்டு, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு. அதைப் பழைய செய்தித்தாளில் போட்டு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். நூல் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, சாம்பல் நிறத்தில் நெளியும். ஆறு மாதமாக நீங்கள் சுவரில் அடித்துக்கொண்டிருந்த ஈக்களின் குழந்தைகள் அவை. அந்தக் கசடைத் திரும்ப ஓட்டைக்குள் தள்ளாமல் காகிதத்தோடு சுருட்டிக் குப்பையில் போடுங்கள்.

கிண்ணத்தின் சுவர், கப்பின் உள்பக்கம், ஜாலியின் அடிப்பக்கம் மூன்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஜாலியின் அடிப்பக்கத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், திருப்பினால் அரை விரல் பருமனுக்கு அப்பியிருக்கும். கிண்ணத்திலிருந்து வெளியே போகும் குழாய்க்குள் நீளமான பாட்டில் பிரஷ்ஷை விட்டு, எட்டும் வரை முன்னும் பின்னும் இழுங்கள். பிரஷ் வழுக்காமல் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் கேட்க வேண்டும், அதுவரை விடாதீர்கள். கடைசியில் கை பொறுக்கிற சூட்டை விடக் கொஞ்சம் அதிகமான வெந்நீர் ஒரு வாளி, பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலு சொட்டோடு. அன்று இரவு, கடையில் கிடைக்கும் நுண்ணுயிர் கலந்த டிரெயின் கிளீனர் ஏதாவது ஊற்றி, காலை வரை தண்ணீர் விடாமல் வைக்கலாம். அதில் இருக்கும் பாக்டீரியா மிச்சமுள்ள படலத்தைத் தின்னும். ஆனால் அதை ஊற்றுகிற வாரத்தில் பிளீச்சோ பினாயிலோ போகக் கூடாது, போனால் அந்த பாக்டீரியாவும் செத்துவிடும். வாங்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, தேய்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. நாலு நாள் கழித்து ஒரு முறை, எட்டாம் நாள் ஒரு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை தேயுங்கள்.

இனி முன்பு சொன்ன கணக்கு. இன்றைக்கு நன்றாகத் தேய்த்தாலும் ஏற்கெனவே ஈயாகிவிட்டவை இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். தப்பித்த ஒன்றிரண்டு கூட்டுப்புழு நாளைக்கு ஈயாக வெளியே வரும். அதனால் மூன்றாம் நாள் ஈயைப் பார்த்து மனம் தளர்ந்து மறுபடி ஆசிட்டை எடுக்காதீர்கள். தினமும் காலையில் சுவரில் எத்தனை என்று எண்ணி ஒரு காலண்டரில் எழுதுங்கள். 25, 22, 23, 17 என்று இறங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள். சுவரில் இருப்பதை வேக்கும் கிளீனராலோ ஈரத் துணியாலோ எடுத்துவிடுங்கள், ஸ்ப்ரே தேவையில்லை.

மூன்று வாரம் கழித்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால்? இங்கே ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடி வீடு ஒன்று. பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் நாலு முறை வந்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் போய் வடிகாலை இரண்டு முறை சுத்தமாகத் தேய்த்தோம். டேப்பில் ஒரு ஈகூட ஒட்டவில்லை, ஆனால் சுவரில் தினமும் முப்பது நாற்பது. ஐந்து மாதமாக அந்த வீட்டு அம்மா எங்களையும் நம்பாமல், தன்னையும் நம்பாமல் அழாத குறையாக இருந்தார். ஒரு நாள் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கம்மோடுக்குப் பின்னால் நாலு டைல்ஸ் மட்டும் டொக் டொக்கென்று காலியான சத்தம். கம்மோடு தரையைத் தொடும் இடத்தில் பூசிய ஒயிட் சிமெண்ட் ஒரு பக்கம் உதிர்ந்து, நகம் நுழையும் அளவு இடைவெளி. அங்கே டேப் ஒட்டினோம். காலையில் டேப் கறுத்துப் போயிருந்தது.

நம் ஊர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. குழாய்கள் ஓடுவதற்காக அந்த இடத்தில் மட்டும் கான்கிரீட் தளத்தை ஒரு அடி கீழே இறக்கிப் போடுவார்கள், சங்கன் ஸ்லாப் என்று பெயர். அந்தப் பள்ளத்தைச் செங்கல் துண்டு, சிமெண்ட் கலவை போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ். டைல்ஸ் இடுக்கில் விரிசல் விட்டாலோ, உள்ளே ஒரு ஜாயின்ட் கசிந்தாலோ, அந்தப் பள்ளம் மெதுவாக ஊறிக் குளமாகிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறிய செங்கல் துண்டு, இருட்டு, யாரும் தொடாத இடம்: இந்த ஈக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே எந்த மருந்தும் போய்ச் சேராது. அந்த வீட்டில் கடைசியில் டைல்ஸை எடுத்து, ஊறிய செங்கல் கலவையை வாரி எடுத்து, கசிந்த ஜாயின்ட்டை மாற்றி, நீர்க்காப்புப் பூச்சு போட்டு மறுபடி டைல்ஸ் பதித்தோம். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் கீழ் வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு பரவிக்கொண்டிருந்தது, எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

உங்கள் வீடு தரைத்தளம் என்பதால் கீழே மண்தான் இருக்கும், ஆனாலும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டைல்ஸ் இடுக்கு உதிர்ந்திருந்தால் மட்டும் பெரிய வேலை வேண்டாம், பழையதைச் சுரண்டி எபாக்ஸி கலவையால் அடைத்தால் போதும். ஆசிட் அதை அவ்வளவு சுலபமாகத் தின்னாது. இருந்தாலும் ஊற்றாதீர்கள்.

கரப்பானுக்கு வருவோம். சமையலறையில் வருகிற சின்ன, வெளிர் பழுப்புக் கரப்பான் வேறு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். பாத்ரூமில் இரவு பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கரப்பான் என்று பெயர் பெற்ற பெரிய செம்பழுப்பு இனம். சுமார் நாலு சென்டிமீட்டர் வளரும், சமயத்தில் பறந்து வந்து மேலேயே விழும். இதன் சொந்த வீடு உங்கள் பாத்ரூம் இல்லை. வெளியே இருக்கும் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி), கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க். அங்கிருந்து குழாய் வழியாக ஏறி, தண்ணீர் தேடியும் இரை தேடியும் உள்ளே வருகிறது. உள்ளே பத்தைக் கொன்றாலும் கீழே நூறு இருக்கும். அதனால் இங்கே கொல்வதை விட வழியை அடைப்பதுதான் வேலை.

நஹானி ட்ராப்பில் கவிழ்ந்த கப் இருக்க வேண்டும் என்றேன் இல்லையா. அந்தக் கப்பின் விளிம்பு தண்ணீரில் மூழ்கி நிற்பதால்தான் கீழே இருக்கும் நாற்றமும் கரப்பானும் மேலே வர முடியாது. தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அந்தக் கப்பை எடுத்துத் தூர எறிந்துவிட்ட வீடுகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போகக் காரணம் கப் இல்லை, அதில் அடைத்திருக்கும் முடி. உங்கள் வீட்டில் கப் இல்லை என்றால் ஹார்ட்வேர் கடையில் அளவு சொல்லி வாங்கிப் போடுங்கள். ஜாலியையும் மாற்றுவதாக இருந்தால், தண்ணீர் போகும்போது மட்டும் திறந்து மூடிக்கொள்கிற காக்ரோச் ஜாலி கேளுங்கள்.

அடுத்து வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பேசினிலிருந்து ஒரு வளைகிற வேஸ்ட் பைப் இறங்கி, சுவரிலோ தரையிலோ இருக்கும் அதைவிடப் பெரிய குழாய்க்குள் சும்மா சொருகியிருக்கும். சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி. கரப்பானுக்கு அது ராஜபாட்டை. வாஷிங் மெஷின் குழாயும் இதே கதைதான். அந்த இடைவெளிக்கு ரப்பர் வளையம் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பொருத்தலாம். கிடைக்காவிட்டால் எம்சீல் உருட்டிச் சுற்றி அப்பிவிடுங்கள். இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு பலன் தருவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பத்து நிமிட வேலை, அன்று இரவே வித்தியாசம் தெரியும். வாடகை வீடு என்றாலும் இதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

வெளியே இருக்கும் சேம்பரை வீட்டுக்காரரிடம் சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பகலில். மூடி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் பூச வேண்டும். சேம்பர் சுவரில் மருந்து அடிப்பதை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் மொட்டையாக நின்றால் அதன் வாயில் நைலான் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் பெருகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. கரப்பான் அந்த வழியாக வருவதும் நின்றுபோகும்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே தங்கிவிட்டவற்றுக்கு, கரப்பான் தின்று சாகும் விஷ ஜெல் வையுங்கள். வேஸ்ட் பைப்புக்குப் பின்னால், கதவு நிலைக்கு மேலே, கண்ணாடி அலமாரிக்குப் பின்புறம் என்று தண்ணீர் படாத, குழந்தைக்கு எட்டாத இடங்களில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டாக. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வாடைக்குக் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வீணாகும். மூலைகளில், அலமாரியின் அடியில் கருமையான பயறு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் பெயர்த்தெடுங்கள். அது கரப்பானின் முட்டைப்பை, ஒன்றுக்குள் பதினைந்து முட்டை வரை இருக்கும். ஓட்டுக்கு மேல் அடிக்கிற மருந்து உள்ளே இறங்காது. தூக்கி எறியாமல் நசுக்கிவிடுங்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியவை. அதனால் மூலைகளைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பாச்சை உருண்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரிலேயே பாச்சை இருப்பதால் கரப்பானுக்கு அதுதான் மருந்து என்று வாஷ்பேசினில் நாலு உருண்டை போடுகிறோம். அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கினால்தான் வேலை செய்யும். பாத்ரூமில் அது வாசனையாகக் கரைந்து போகிறது, அவ்வளவுதான். ஆனால் சிறு குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. உங்கள் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். சாக்பீஸ் மருந்தும் ஈரத் தரையில் அடுத்த குளியலோடு போய்விடும், தவழ்கிற குழந்தையின் கையிலும் ஒட்டும்.

சுவரில் நகரும் அந்த வெள்ளரி விதை. இது பலரைக் குழப்புகிற ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த பூச்சியும் இதுதான். ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு அது. தன் வாயிலிருந்து நூல் நூற்று, அதில் மணல், தூசி, சுண்ணாம்புத் துகள் எல்லாம் ஒட்டி, இரண்டு முனையும் திறந்த தட்டையான பையாகத் தைத்துக்கொண்டு அதற்குள் வாழ்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீளம். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பொறுமையாகக் காத்திருந்தால் மறு முனையிலிருந்து பழுப்புத் தலையை நீட்டி, எதிர்த் திசையில் பையை இழுத்துக்கொண்டு நடக்கும். பைக்குள்ளேயே திரும்பிக்கொள்கிறது. அது தின்பது ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி. அதற்குக் காற்றில் ஈரம் நிறைய வேண்டும், அதனால்தான் பாத்ரூம் சுவரையும் கடலோர ஊர்களையும் விடுவதில்லை. மருந்து எதுவும் வேண்டாம். ஒட்டடைக் குச்சியால் கூரை மூலை, கதவுக்குப் பின்புறம், ஜன்னல் மேல்பக்கம் எல்லாம் வாரம் ஒரு முறை எடுத்துவிட்டு, பைகளைக் கையால் பொறுக்கிப் போட்டால் ஒரு மாதத்தில் காணாமல் போகும். ஈக்கள் குறைந்தால் செத்த ஈக்களும் குறையும், சிலந்தியும் குறையும், ஒட்டடையும் குறையும், இதற்குச் சாப்பாடும் குறையும்.

மரவட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியதும் மேட்டைத் தேடி ஏறி வருகிறது. கடிக்காது. மிதித்தால் ஒரு திரவம் விடும், தோலில் பட்டால் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். அதனால் குழந்தை கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறத்தில் வாரி வெளியே போடுங்கள். காய்ந்த தரையில் தானாகவே செத்துவிடும். பாத்ரூம் சுவருக்கு வெளியே சருகு, செங்கல் குவியல், பூந்தொட்டி ஒட்டினாற்போல் இருந்தால் இரண்டடி தள்ளி வையுங்கள். பூரான் வந்தால் மட்டும் கவனம், அது கடிக்கும். பூரான் கரப்பானையும் இரையாகத் தேடி வரும், கரப்பான் நின்றால் அதுவும் குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பழக்கம் வேண்டும். கடைசியாகக் குளிக்கிறவர் வைப்பரால் தரையையும், சுவரில் இடுப்பளவு உயரம் வரையும் இழுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நிமிடம்தான். சென்னைக் காற்றிலேயே ஈரம் அதிகம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் பாத்ரூம் காயாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குளித்து முடித்தும் அரைமணி நேரம் ஓடட்டும். இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்து அறை ஃபேன் காற்று உள்ளே போகும்படி விடுங்கள். குழந்தை உள்ளே போகாமல் ஒரு தடுப்பு வைத்துக்கொண்டுதான். வாளியில் தண்ணீர் இருக்கக் கூடாது, அதையும் கவிழ்த்து வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது பூச்சிக்காக மட்டும் சொல்வதில்லை. இரவு ஒரு மணிக்கு அந்தத் தரை காய்ந்திருக்கிறதா என்று ஒரு நாள் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் கரப்பானுக்கு அங்கே வேலை இல்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தப் பூட்டிய பாத்ரூம். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். பயன்படுத்தாத பாத்ரூமில் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிப் போய்விடும், கோடையில் இன்னும் சீக்கிரம். தண்ணீர் போனால் குழாய் திறந்து கிடக்கிற கதவு மாதிரி. சேம்பரில் இருக்கும் கரப்பானெல்லாம் அந்த வழியாக ஏறி, கதவுக்கு அடியில் புகுந்து, நீங்கள் குளிக்கிற பாத்ரூமுக்கு வரும். இங்கே எவ்வளவு அடைத்தாலும் நிற்காது. இன்றைக்கே போய்த் திறந்து, தரை ஜாலியிலும் வாஷ்பேசினிலும் ஆளுக்கு இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றுங்கள். கம்மோடை ஒரு முறை ஃபிளஷ் செய்யுங்கள். ஃபிளஷ் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, உள்ளே கொசுப் புழு நெளிகிறதா என்று பாருங்கள், டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர் போதும். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஊருக்குப் போய் ஒரு மாதம் இருக்கப் போகிறீர்கள் என்றால், எல்லா ஜாலியிலும் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம் விட்டு அந்த எண்ணெயைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஈக்குச் சாப்பாடாகிவிடும்.